முட்டை அறையில் லேப்டாப்

சேலம், அம்மாபேட்டை
18.1.2025

அன்புள்ள தம்பி தனசேகருக்கு,

அக்கா கோகிலவாணி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மாமா லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தீவன லாரி டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் வந்தது. ஊர் உலகமெல்லாம் போனில் தட்டி அனுப்பிக்கொண்டிருக்க, ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடும் பாக்கியம் எனக்கு மட்டும்தான். தாய்க்கோழிப் பண்ணைக்குள் வேலைக்குப் போகிறவனிடம் போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்களாம். நெட் கிடையாதாம். மாதக்கணக்கில் வெளியே வரவும் கூடாதாம். கேட்டால் கோழிக்கு நோய் வந்துவிடும் என்கிறார்கள். ஆள் வெளியே போய்வந்தால் நோய் வரும், ஒப்புக்கொள்கிறேன். அக்காவோடு இரண்டு வார்த்தை பேசினால் கூடவா கோழிக்குச் சளி பிடிக்கும்?

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை சாவு என்று தினமும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஜூன் வரை ஒழுங்காகச் செய்தால் சூப்பர்வைசரான உன்னை உன் முதலாளி மேனேஜர் ஆக்குவார். மேனேஜருக்குக் கேட்டுக்கு வெளியே வீடு. அங்கே பிரபாவையும் பிறக்கப்போகும் குழந்தையையும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் நல்ல சேதிதான். ஆனால் அவர் பண்ணை ரிப்போர்ட்டுக்கு லேப்டாப்பை நீ ஏன் வாங்க வேண்டும்? நாளைக்குக் கோழிக்குத் தீவனமும் உன் சம்பளத்தில்தான் என்பாரா? உனக்குக் கேட்க வாய் வராது. உனக்கும் சேர்த்து எனக்கு வைத்துவிட்டான் கடவுள்.

நேற்று கடையைப் பூட்டிவிட்டு நாலு கடை ஏறி இறங்கினேன். நான் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் என்று தெரியாமல் ஒருவன் என் காதில் பூ சுற்றினான். நாலு ஜிபி ராம் போதுமாம், பையும் மவுஸும் இலவசமாம். எக்செல் திறந்தாலே முக்கும் பெட்டிக்குப் பை எதற்கு? இன்னொருவன் கீபோர்டில் கலர் கலராக லைட் எரிவதைக் காட்டினான். கோழிக்கு டான்ஸ் காட்டவா போகிறாய்? எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, இதற்குக் கீழே எதையும் தொடமாட்டேன். முப்பதாயிரத்துக்குள் புதிதில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. கம்பெனியில் ஓடித் திரும்பி வந்த பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கெட்டியான சாமான்.

பிரபாவிடம் பரமத்தி வேலூருக்குப் போன் போட்டுப் பேசினேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம், மற்றபடி சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கோகிலவாணி

பண்ணை, நாமக்கல்
9.2.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி தனசேகர் வணக்கம். நான் நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

லேப்டாப் வந்து சேர்ந்தது. சட்டென்று ஆன் ஆகிறது. எக்செல் பறக்கிறது. இவ்வளவு நல்லதாகப் பார்த்து வாங்கி அனுப்பியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு சின்ன விஷயம். பண்ணைக்குள் எது வந்தாலும் கேட்டில் புகை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். காவலுக்கு இருக்கும் பொன்னண்ணன் லேப்டாப்பையும் அலமாரியில் வைத்து, ஃபார்மலினும் பர்மாங்கனேட்டும் கலந்து புகை போட்டுவிட்டார். திறந்ததும் கண் எரிந்தது. இப்போது பரவாயில்லை, வாசம் மட்டும் இருக்கிறது. இன்னொன்று, சார்ஜ் ஏறுவதே தெரியவில்லை. காலையில் போட்டால் சாயங்காலம்தான் நிறைகிறது.

முதலாளி ஐயா பார்த்துவிட்டு நல்ல மெஷின் என்றார். கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார், ஒட்டிவிட்டேன்.

பிரபா கால் வீக்கத்துக்கு டாக்டரிடம் போனாளா? கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
தனசேகர்

சேலம்
16.2.2025

தம்பிக்கு அக்காவின் ஆசி. உடம்பு நலமா?

புகையா? லேப்டாப்புக்கா? படித்ததும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பிணவறையில் ஊற்றும் மருந்தைக் காய்ச்சி ஒரு மெஷினுக்குள் விட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் செம்பும் தகரமும் பச்சை பிடிக்க எத்தனை நாள் ஆகும்? பொன்னனைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குச் சட்டம் அது. நீ பக்கத்தில் நின்றுகொண்டு என்ன செய்தாய்? இனி எதை அனுப்பினாலும் பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டித்தான் அனுப்புவேன். வெளியே புகை போடட்டும், மருந்து போட்டுத் துடைக்கட்டும், பாலிதீனை உரித்துவிட்டு நீ எடுத்துக்கொள்.

சார்ஜருக்கு வருகிறேன். அந்தக் கடைக்காரன் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான். இந்த மாடலுக்கு அறுபத்தைந்து வாட் வேண்டும். ஒரிஜினல் என்று சத்தியம் செய்து அவன் கொடுத்தது நாற்பத்தைந்து வாட். கடையில் பத்துப் பேர் நிற்கும்போது போனேன். மெதுவாகப் பேசுங்கள் அக்கா என்றான். மெதுவாகப் பேசியிருந்தால் நாற்பத்தைந்தோடு திரும்பியிருப்பேன். சரியான சார்ஜரை வாங்கிவிட்டுத்தான் படி இறங்கினேன். இத்தோடு அனுப்பியிருக்கிறேன், பாலிதீனில்.

மேசை மேல் வைத்துத்தானே வேலை செய்கிறாய்? மெத்தை மேல் வைத்தால் அடியில் காற்றுப் போகும் துளை அடைத்துவிடும். உன் ரூமில் மேசை இருக்கிறதா? ஃபேன் இருக்கிறதா? எழுது.

பிரபா டாக்டரிடம் போய்வந்தாள். உப்பைக் குறைக்கச் சொன்னாராம். நீயும் குறை.

உன் அக்கா

பண்ணை
14.3.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். மாமா ஊர் திரும்பிவிட்டாரா?

புதுச் சார்ஜர் நன்றாக ஏறுகிறது. ஆனால் வேறு தொந்தரவு. வெயில் ஏறியதிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் லேப்டாப் தானாகவே அணைந்துவிடுகிறது. தொட்டால் தோசைக்கல்லாகச் சுடுகிறது. கொட்டகையின் பெரிய ஃபேன்கள் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கி, சார்ஜர் விட்டு விட்டு எரிகிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும், ஆனால் கொட்டகைக்கு மட்டும்தான். ஆட்கள் தங்கும் ரூம்களுக்கு லைன் இல்லை.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். கோழிக்கு வெக்கை அடித்தால் இங்கே சாக்கை நனைத்துத் தொங்கவிடுவோம். அதேபோலச் சாக்கை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. இப்போது சில எழுத்து அடித்தால் விழவில்லை. என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டு ஒரு நாளும் நிற்கவில்லை. கவலைப்பட வேண்டாம்.

தங்கள் தம்பி,
தனசேகர்

சேலம்
20.3.2025

அடேய் தனசேகரா,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். ஈரச் சாக்கு மேல் லேப்டாப்பை வைத்தவன் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். அது கோழியா? இறக்கையைத் தூக்கிக் காற்று வாங்குமா? அடியில் இருக்கும் துளை வழியாகத்தான் மெஷின் மூச்சு வாங்கும். நீ அந்த மூக்கிலேயே ஈரத்துணியை வைத்து அமுக்கியிருக்கிறாய். கரண்ட் ஓடும் சாமானடா. உனக்கு ஷாக் அடித்திருந்தால் பிரபாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நான் சொல்கிறபடி செய். முதலில் அணைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் திறந்து வை. பின்பக்கம் திருகாணிகளைக் கழற்றி, ஃபேனில் ஒட்டியிருக்கும் தூசியைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடு. தீவனத் தூசியும் கோழி ரோமமும் கட்டாயம் இருக்கும். பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்புறம் உங்களிடம் பிளாஸ்டிக் முட்டை ட்ரே இருக்குமல்லவா, அதைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வை. குழிக்குழியாக இருப்பதால் அடியில் காற்று ஓடும். அட்டை ட்ரே வேண்டாம், அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பவர் செட்டிங்கில் போய், புராசசர் அதிகபட்சம் எண்பது சதவீதம் என்று வை. எக்செலுக்கு அது தாராளம். வோல்டேஜுக்கு ஒரு சின்ன ஸ்டெபிலைசர் அனுப்புகிறேன். அதுவும் அவர் வாங்கித்தர வேண்டியது. நான் வாங்கி அனுப்புகிறேன். எல்லாம் என் தலையெழுத்து.

போன கடிதத்தில் ஒன்று கேட்டேன். மேசையும் ஃபேனும். நீ சார்ஜருக்குப் பதில் எழுதினாய், இதற்கு எழுதவில்லை. மறுபடி கேட்கிறேன். உன் ரூமில் ஃபேன் இருக்கிறதா?

மாமா வந்துவிட்டார், முதுகு வலி என்கிறார். பிரபா சுகம். நீ சுகமா?

கோகிலவாணி

பண்ணை
6.4.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். மாமா முதுகுக்கு ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். ஃபேனுக்குள்ளிருந்து ஒரு பிடி ரோமம் வந்தது. ட்ரே மேல் வைத்ததும் சூடு நன்றாகக் குறைந்தது. எழுத்துகளும் காய்ந்ததும் விழ ஆரம்பித்துவிட்டன, "ழ" மட்டும் அழுத்தி அடிக்க வேண்டும். ஸ்டெபிலைசரும் அருமை.

மார்ச் கடைசி வரை ஒரு தடவை கூட அணையவில்லை. இப்போது வெயில் கூடியதும் மறுபடி மத்தியானத்தில் நிற்கிறது. அதனால் விடியற்காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று அடிக்கிறேன். போன வாரம் ஒரே ஒரு நாள் மட்டும், கூட வேலை செய்யும் செல்லமுத்து என் பெயரில் அடித்தான். அவனுக்கும் நன்றாக வருகிறது. ரிப்போர்ட்டு நிற்கவில்லை.

பிரபாவுக்கு நாள் நெருங்குகிறது. லீவு கேட்டேன். வெளியே போனால் திரும்பி வந்து தனியறையில் நாள் கணக்காக இருக்க வேண்டும், ரிப்போர்ட்டு யார் கொடுப்பது என்றார் முதலாளி. சரி என்று விட்டுவிட்டேன். ஜூனில்தான் ஒரேயடியாக வெளியே வந்துவிடப் போகிறேனே. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

தங்கள் தம்பி,
தனசேகர்

சேலம்
12.4.2025

தம்பிக்கு,

பிரபா பக்கத்தில் நான் இருக்கிறேன். நாளைக்கே பரமத்தி வேலூர் போகிறேன். அந்தக் கவலையை விடு. பெண்டாட்டி பிரசவத்துக்கு லீவு இல்லை என்று ஒருவர் சொல்வாராம், இவன் சரி என்று விட்டுவிடுவானாம். கேட்கும் எனக்குத்தான் பத்திக்கொண்டு வருகிறது.

இப்போது எனக்கு இரண்டு பதில் வேண்டும். செல்லமுத்து ஏன் அடித்தான்? உன் கைக்கு என்ன? நீ காய்ச்சலோடு கல்லூரிப் பரீட்சை எழுதியவன். காரணம் இல்லாமல் இன்னொருவனிடம் வேலையைக் கொடுக்க மாட்டாய்.

இரண்டாவது. லேப்டாப் சும்மா அணையாது. நல்ல ஃபேன், நல்ல சார்ஜர், ட்ரே, எண்பது சதவீதம் எல்லாம் வைத்தபிறகும் அணைகிறது என்றால் கோளாறு மெஷினில் இல்லை, அது இருக்கும் இடத்தில். கோழிக் கொட்டகையில் தெர்மாமீட்டர் தொங்கும். அதைக் கழற்றிக்கொண்டு போய் மத்தியானம் உன் ரூமில் மாட்டு. என்ன காட்டுகிறதோ அந்த நம்பரை எழுது. நலம் என்று எழுதாதே. நம்பரை எழுது.

கோகிலவாணி

பண்ணை
24.4.2025

அக்கா,

கொட்டகையில் முப்பது. என் ரூமில் நாற்பத்து மூன்று.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கொட்டகைக்கு ஒரு பக்கம் ஈரத்திரை, எதிர்ப்பக்கம் ஆள் உயர ஃபேன், கூரை மேல் தண்ணீர் தெளிக்கும் குழாய். எங்கள் ரூம் முன்பு சாக்கு வைத்திருந்த கொட்டடி. மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னல் இல்லை. ஃபேனும் இல்லை. மேசையும் இல்லை, தீவன மூட்டை மேல் பலகை போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ரிப்போர்ட்டு அடித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப் அணைந்தது. அணைந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் செல்லமுத்து முகத்தில் தண்ணீர் அடித்ததுதான் தெரியும். அவன்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய் ஈரத்திரை முன்னால் போட்டானாம். அரை நாள் கோழிகளோடு கிடந்தேன். இப்போது ஒன்றுமில்லை.

ஃபேன் கேட்காமல் இல்லை. பிப்ரவரியிலேயே கேட்டேன். "கோளி சூடு தாங்காது தனசேகரு, பொட்டுனு போயிரும். மனுசன் வேர்த்துக்குவான்" என்றார் முதலாளி. அப்புறம் கேட்கவில்லை. மேனேஜர் வேலை கைக்கு வரும் நேரத்தில் முகம் கோண வைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். உங்களுக்கு எழுதினால் கேட்டில் வந்து நிற்பீர்கள் என்றும் தெரியும். தயவுசெய்து வராதீர்கள். இன்னும் ஒரு மாதம்தான்.

பிரபாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

தனசேகர்

பரமத்தி வேலூர்
1.5.2025

தம்பி,

பெண் குழந்தை. இருபத்தெட்டாம் தேதி காலையில் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். உன் மூக்கு, பிரபாவின் நிறம், குரல் மட்டும் என்னுடையது. பொன்னன் போன் மூலம் சேதி சொல்லியிருந்தேன், சொன்னாரா?

சந்தோஷத்தை எழுதியாயிற்று. இனி மற்றது. உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் படித்தேன். படித்துவிட்டுப் பச்சை உடம்புக்காரியிடம் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன் பார், அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம். மனுசன் வேர்த்துக்குவானாம்! கோழி செத்தால் விலை இருக்கிறது, என் தம்பி விழுந்தால் தண்ணீர் தெளித்தால் போதும். அவர் சாக்குக்கு எந்த ரூமோ அதே ரூம் என் தம்பிக்கு. நீ கேட்டுக்கொண்டதால் கேட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர் பண்ணைக்கு நோய் வந்ததோ இல்லையோ, அவருக்கு வந்திருக்கும்.

ஆனால் ஒன்று யோசித்தேன். மனிதனுக்குச் சூடு என்றால் அந்த ஆள் நம்ப மாட்டார். மெஷினுக்குச் சூடு என்றால் நம்புவார். ரிப்போர்ட்டு அவருடையதாயிற்றே. அதனால் நேற்று ஒரு நடை சேலம் போய், என் கடை லெட்டர்பேடில் சீல் வைத்து ஒரு சர்டிபிகேட் அடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "மேற்படி லேப்டாப் வைத்திருக்கும் அறையின் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினால் அதிலுள்ள பண்ணைக் கணக்கு முழுவதும் அழிந்துபோக வாய்ப்புண்டு. அறையில் ஃபேனும் கூரைமேல் நீர்த்தெளிப்பும் அவசியம்." கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். நாலு மாதமாக எனக்கு நீ நலம் என்று எழுதியதைவிட இது பெரிய பொய்யில்லை.

அவர் கையில் கொடு. கெஞ்சாதே. கொடுத்துவிட்டு நில்.

அக்கா

பண்ணை
20.5.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

குழந்தை பிறந்த சேதியைப் பொன்னண்ணன் கேட்டிலிருந்து கத்திச் சொன்னார். எல்லோருக்கும் நாட்டுச்சர்க்கரை கொடுத்தேன், இங்கே அதுதான் இருந்தது. முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

முதலாளியிடம் சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "உங்கக்கா எழுதுனது வாஸ்தவந்தான். மெஷினு தாங்காது" என்றார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் முட்டை அறையில் வைக்கச் சொல்லிவிட்டார். குஞ்சு பொரிக்கப் போகும் முட்டைகளை வைக்கும் அறை, எந்நேரமும் ஏசி ஓடும், பதினெட்டு டிகிரி. நான் போய் ரிப்போர்ட்டு அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். லேப்டாப் அங்கேயே இருக்கும்.

அக்கா, நான் சூட்டைத் தாங்கினேன், மயங்கி விழுந்ததையும் தாங்கினேன். அன்றைக்கு அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன் பாருங்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் எனக்குக் கோபமே வராது என்று நினைத்திருந்தேன்.

நேற்றுக் கூப்பிட்டு, ஜூன் ஒன்றிலிருந்து நீ மேனேஜர் என்று வீட்டுச் சாவியை நீட்டினார். ரூமில் இனி யாருங்க என்று கேட்டேன். செல்லமுத்து சூப்பர்வைசர், அவன் இருப்பான் என்றார். நான் சாவியை வாங்கவில்லை.

"அந்த ரூமுக்கு ஃபேனு போட்டு, கூரைக்குத் தண்ணி உட்டாத்தானுங்க சாவிய வாங்குவேன்" என்றேன்.

"உனக்குத்தான் ஊடு குடுத்தாச்சே, அப்பறம் என்ன?" என்றார்.

"அவனும் மனுசந்தானுங்க" என்றேன். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தங்கள் தம்பி,
தனசேகர்

பரமத்தி வேலூர்
26.5.2025

என் சாமி தனசேகருக்கு,

குழந்தை சுகம். பிரபா சுகம். நான் மட்டும் உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்காமல் இருக்கிறேன்.

சாவியை வாங்கிவிடு சாமி. உன்னிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன், கேள், பேசு, விடாதே என்று. அதெல்லாம் நீ ஒருநாளும் கேட்கமாட்டாய் என்ற தைரியத்தில் கத்தியது. இப்போது நீ கேட்டுவிட்டாய், எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்து மாதம் அந்தக் கொட்டடியில் வெந்தாய். எதற்காக? இந்த வீட்டுக்காக. பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு கூரைக்குக் கீழே இருப்பதற்காக. கைக்கு வந்ததை இன்னொருவனுக்காக விடுவாயா?

செல்லமுத்து நல்ல பையன், உன் உயிரைக் காப்பாற்றியவன், எனக்குத் தெரியாதா? நீ முதலில் மேனேஜர் ஆகு. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மெதுவாக அவனுக்கு ஃபேன் போட்டுக் கொடு. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேறு மாதிரி எழுத வரவில்லை.

பிரபா கேட்கக் கேட்க மறைக்க முடியவில்லை. உன் கடிதங்களை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன். முழுக்கப் படித்தாள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, நீ எத்தனை துணி உள்ளே வைத்திருக்கிறாய் என்று மட்டும் என்னிடம் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்குகிறதா?

உன் அக்கா,
கோகிலவாணி

பண்ணை
6.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

பிரபா கேட்டது எனக்கு விளங்கியது. பதில் சொல்லுங்கள், ஒரு பை போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். சாவியை வாங்காத சேதி ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருவரும் ரூமுக்குப் போகவில்லை. எல்லோரும் முறைப்படி குளித்து, மாற்றுடை போட்டுக்கொண்டு, முட்டை அறையில் வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டோம். சட்டத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. வயதான பழனியம்மாள் கூட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் போட்ட சத்தம் ஒன்றுமில்லை, மூச்சு விட்டோம், அவ்வளவுதான். அத்தனை பேர் உடம்புச் சூட்டுக்கு அறை இருபத்து நாலுக்கு ஏறியது. சூடேறி முட்டைக்குள் கரு இப்போதே வளரத் தொடங்கிவிட்டால் பொரிக்கும்போது பாதி போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

முதலாளி ஓடிவந்தார். எந்திரிங்க, முட்டை கெட்டுப்போகும் என்றார். பழனியம்மாள்தான் பதில் சொன்னார்.

"முட்டைக்கு வேர்க்குதுங்களா?"

அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் ரூம் மூன்றுக்கும் ஃபேன் வந்துவிட்டது. கூரை மேல் குழாய் ஓடுகிறது. ஜெனரேட்டர் லைனும் இழுத்திருக்கிறார்கள். செல்லமுத்து முதல் நாள் ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான், தூங்கவே இல்லை.

வீட்டுச் சாவி யோகேஷுக்குப் போய்விட்டது. முதலாளியின் தங்கை மகன். அவனுக்கு எக்செல் தெரியாது. நான் வேலையை விட்டுப் போகிறேன் என்றதும், லேப்டாப்பை விட்டுவிட்டுப் போ, விலை போட்டுக் கொடுக்கிறேன் என்றார் முதலாளி. அது எங்கள் அக்கா வாங்கியதுங்க, தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கணக்கை மட்டும் பென் டிரைவில் கொடுத்துவிட்டேன். அது அவருடையது.

நாமக்கல்லில் ஒரு தீவன மில்லில் வந்து பார் என்றிருக்கிறார்கள். உறுதியில்லை. தினமும் வீட்டுக்குப் போகிற வேலையா என்றுதான் முதலில் கேட்டேன்.

நீங்கள் எழுதியது சரி, அக்கா. இந்த வீட்டுக்காகத்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கே சாவியை வாங்கி, அந்த வீட்டுக்குள் குழந்தையைப் போட்டுக்கொண்டு நான் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தால், கேட்டுக்கு அந்தப் பக்கம் செல்லமுத்து வெக்கையில் கிடப்பது எனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அங்கே தூக்கம் வந்திருக்காது.

பத்தாம் தேதி காலையில் வெளியே வருகிறேன். நீங்களும் பிரபாவும் கேட்டுக்கு வாருங்கள். உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கும், எனக்குத் தெரியும். எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முதலில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கத்துங்கள்.

தங்கள் தம்பி,
தனசேகர்